திருக்குர்ஆன் விரிவுரைகளில் கலந்த கதைகள்

சில மாதங்களுக்கு முன் ஆவடிக்கு அருகே ஒரு பள்ளிவாசலுக்கு ஜும்ஆ தொழுகைக்காகச் சென்றிருந்தேன். இமாம் தமது தமிழ்ச் சொற்பொழிவில் தாவூத் நபியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். நபி தமது மாடத்திலிருந்து ஒரு பெண்ணைக் கண்டார். அவள் ஊரிய்யா என்னும் படைவீரனின் மனைவி. அவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு அவளை மணந்தார். அதைக் கண்டிக்கவே வானவர் இருவர் வழக்காளிகள் வேடத்தில் வந்தனர் என்று கதை வளர்ந்தது. தொழுகை முடிந்ததும் அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், இது குர்ஆன்ல எந்த இடத்துல இருக்கு?" என்று கேட்டார். "குர்ஆன்ல இல்ல தம்பி, தஃப்சீர்ல இருக்கு" என்றார் இமாம். "அப்படின்னா அது யூதர் கட்டுன கதை" என்றார் இளைஞர். அதன்பின் நடந்ததை விவரிக்க விரும்பவில்லை. செருப்பு மாட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு அணிகள் உருவாயின. ஒரு பெரியவர் அழுதுவிட்டார்.

நான் மார்க்க அறிஞன் அல்லன். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் அந்த இருவர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது என்பதை எழுதவேண்டும் என்று அன்றே தோன்றியது. இமாம் எதையும் தாமாகப் புனையவில்லை. அக்கதை நூற்றாண்டுகளாக விரிவுரை நூல்களில் இருக்கிறது. இளைஞர் சொன்னதுபோல் அது குர்ஆனில் இல்லை என்பதும் சரி. இடைப்பட்ட வரலாறுதான் இருவருக்கும் தெரிவிக்கப்படவில்லை.

குர்ஆனின் 38ஆம் அத்தியாயத்தில் வருவது இவ்வளவே: இருவர் சுவரேறிக் குதித்துத் தாவூத் நபியின் வழிபாட்டு அறைக்குள் வருகின்றனர். ஒருவர் முறையிடுகிறார்: என் சகோதரரிடம் 99 பெண்ணாடுகள் இருக்கின்றன, என்னிடம் ஒன்றே ஒன்று, அதையும் கேட்டு வாதத்தில் என்னை வென்றுவிட்டார். தாவூத் நபி தீர்ப்புச் சொல்கிறார். பிறகு தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து பாவமன்னிப்புக் கோருகிறார். பெண் இல்லை, படைவீரன் இல்லை, மாடம் இல்லை. என்ன சோதனை என்பதையும் வசனம் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நிரப்பத்தான் கதை வந்தது. எங்கிருந்து வந்தது என்பதிலும் மர்மம் இல்லை. விவிலியத்தின் சாமுவேல் இரண்டாம் நூல் 11ஆம் அதிகாரத்தில் தாவீது, உரியாவின் மனைவி வரலாறு இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் என்னும் இறைவாக்கினர், ஏராளமான ஆடுகள் வைத்திருந்த செல்வனையும் ஒரே ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையையும் பற்றிய உவமையைச் சொல்லி மன்னரைக் கண்டிக்கிறார். ஆடு இரண்டிலும் இருந்ததால், ஒன்றின் பின்னணி மற்றொன்றுக்குப் பின்னணியாக ஏற்றப்பட்டுவிட்டது. நபிமார் பெரும்பாவங்களிலிருந்து காக்கப்பட்டவர்கள் என்னும் கொள்கையோடு இது மோதுகிறது என்பதால்தான் அந்த இளைஞருக்கு அவ்வளவு கோபம்.

இவ்வாறு யூத, கிறிஸ்தவ மரபுகளிலிருந்து விரிவுரைகளுக்குள் வந்த செய்திகளுக்கு அரபியில் 'இஸ்ராயீலிய்யாத்' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே மதீனாவில் இஸ்லாத்தை ஏற்ற யூத அறிஞர் அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி), கலீஃபா உமர் (ரலி) காலத்தில் யமனிலிருந்து வந்து இணைந்த கஅபுல் அஹ்பார், எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த யமன் நாட்டவர் வஹ்பு பின் முனப்பிஹ் ஆகிய மூவர் பெயர்களே இச்செய்திகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் சொன்னவை சில; அவர்கள் பெயரால் பிறர் சொன்னவை பல.

ஏன் கேட்டார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விளக்கம் இப்னு கல்தூனுடையது. 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் அவர் சொல்வதன் சாரம்: அரபுகள் பாலைவன மக்கள், நூல்வழக்கம் இல்லாதவர்கள், படைப்பின் தொடக்கம் முதலியவற்றை அறிய ஆவல் எழுந்தபோது தம்மைச் சுற்றியிருந்த வேதக்காரர்களைக் கேட்டார்கள், அந்த வேதக்காரர்களும் பெரும்பாலும் அதே பாலைவனவாசிகளே, தம் வேதத்தைப் பாமரர் அறிந்த அளவே அறிந்தவர்கள். சட்டத்தோடு தொடர்பில்லாத செய்திகள் என்பதால் யாரும் சரிபார்க்கவில்லை, விரிவுரைகள் நிரம்பின. தேவை இருக்குமிடத்தில் சரக்கு வந்து சேரும், தரம் பார்க்கும் நிறுவனம் இல்லாவிட்டால் எந்தச் சரக்கும் வரும். என் பாடத்தில் முதலாண்டு மாணவருக்குச் சொல்வது இதைத்தான். இப்னு கல்தூனைப் பொருளியலின் முன்னோடிகளில் ஒருவராக வகுப்பில் பல்லாண்டுகள் அறிமுகப்படுத்தியிருக்கிறேன். அவரது இந்தப் பகுதியை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன் என்பது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டிய செய்தி.

முஸ்லிம் அறிஞர்களுக்குச் சரிபார்க்கும் கருவி இல்லாமல் இல்லை. அதுதான் அறிவிப்பாளர் தொடர். இன்னார் எனக்குச் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று மூலம் வரை செல்லும் சங்கிலி. பழைய உண்டியல் வணிகத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓர் உண்டியல் கைமாறும்போதெல்லாம் அதன் பின்புறத்தில் ஒருவர் கையொப்பமிடுவார்; கையொப்பமிட்டவர் ஒவ்வொருவரும் அதற்குப் பொறுப்பு. பணம் தரும் முன் தாளைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். 923இல் மறைந்த தபரீ தமது மாபெரும் விரிவுரையில் ஏறத்தாழ ஒவ்வொரு செய்தியையும் இந்தத் தொடரோடுதான் பதிந்தார். சங்கிலி வஹ்பிடம் போய் நின்றுவிட்டால், அது நபியிடமிருந்து வந்ததன்று என்பதை அக்காலத்து மாணவர் பார்த்தவுடன் அறிவார். தபரீ திரட்டியது ஒரு கிடங்கு. மதிப்பிடும் பொறுப்பில் பெரும்பகுதியைப் படிப்பவரிடமே விட்டார்.

பின்னர் வந்த சுருக்க நூல்களிலும் கதைத் தொகுப்புகளிலும் சங்கிலி உதிர்ந்தது. 1035இல் மறைந்த ஸஅலபீயின் நபிமார் வரலாற்றுத் தொகுப்பு முஸ்லிம் உலகெங்கும் விரும்பிப் படிக்கப்பட்டதற்குக் காரணம் அதன் சுவை. சங்கிலி அறுந்த கதை, 'குர்ஆனில் வருகிறது' என்ற தோற்றத்தோடு மேடையேறியது.

என் பாட்டி ஊஜ் பின் உனுக் என்னும் அரக்கனின் கதையைச் சொல்வார். கடலின் அடியில் கையைவிட்டு மீனைப் பிடிப்பான். சூரியனில் காட்டிச் சுடுவான். நூஹ் நபியின் வெள்ளம் அவன் முழங்காலைக்கூட எட்டவில்லை. இதுவும் விரிவுரைகளில் இருப்பதே. அவனது உயரம் 3,333 முழமும் ஒரு முழத்தில் மூன்றில் ஒரு பங்கும் என்று கணக்கே கொடுத்திருக்கிறார்கள். (புள்ளிவிவரங்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேவைக்கு மேற்பட்ட துல்லியத்தைக் கண்டால் முதலில் ஐயுறவேண்டும்.) 1373இல் மறைந்த இப்னு கஸீர் இக்கதையைக் கையாண்ட விதம் அழகானது. சொல்லவே நாணத்தக்கது என்று தொடங்கி, இரண்டு சான்றுகளை வைக்கிறார். ஒன்று, ஆதம் நபியின் உயரம் 60 முழம், அதன்பின் மனிதர் குறுகியே வருகின்றனர் என்னும் ஆதாரபூர்வமான நபிமொழி. மற்றொன்று, வெள்ளத்தில் நூஹ் நபியின் சொந்த மகனே மூழ்கியிருக்க, இறைமறுப்பாளனான ஊஜ் எப்படித் தப்பினான் என்னும் கேள்வி. தாவூத் நபியின் கதைக்கு வரும்போது அவர் இன்னும் சுருக்கமாக முடிக்கிறார்: விரிவுரையாளர் இங்கே சொல்லும் கதையில் பெரும்பகுதி இஸ்ராயீலிய்யாத், நபியிடமிருந்து பின்பற்றத்தக்க எதுவும் இதில் வரவில்லை, எனவே வசனத்தை ஓதுவதோடு நின்றுகொள்வதே நலம். இந்த நூல் மயிலாப்பூரின் ரஹ்மத் பதிப்பகத்தால் தமிழிலேயே வந்திருக்கிறது. அன்று பள்ளிவாசலில் மோதிக்கொண்ட இரு அணியினரும் மதிக்கும் நூல் அது என்பதுதான் வேடிக்கை.

அவருடைய ஆசிரியர் இப்னு தைமிய்யா (1263–1328) இச்செய்திகளை மூவகையாகப் பிரித்தார். நம்மிடமுள்ள ஆதாரத்தோடு ஒத்துப்போவதை ஏற்கலாம்; முரண்படுவதைத் தள்ளவேண்டும்; இரண்டுமில்லாததை மெய்யென்றும் சொல்லாமல் பொய்யென்றும் சொல்லாமல், செய்தியாக எடுத்துரைக்கலாம். மூன்றாவது வகையில் பெரும்பாலானவற்றால் மார்க்கப் பயன் ஏதுமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். குகைவாசிகளோடு இருந்த நாயின் நிறம், மூஸா நபியின் கைத்தடி எந்த மரத்தால் ஆனது என்பவை அவர் தரும் எடுத்துக்காட்டுகள். அறிஞர்கள் அந்த நாயின் நிறத்துக்காகக்கூடக் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள்!

தமிழுக்கு வருவோம். இன்று நமக்குக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ்ப் பேரிலக்கியங்களில் முந்தியதாகக் கருதப்படுவது 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா'. மசலா என்றால் வினா. அப்துல்லாஹ் பின் ஸலாம் நபிகளாரிடம் ஆயிரம் கேள்விகள் கேட்டு, விடைகளில் நிறைவுற்று இஸ்லாத்தை ஏற்றதாக அமைந்தது அந்நூல். புகாரீயின் நபிமொழித் தொகுப்பில் இந்நிகழ்ச்சி இருக்கிறது. ஆனால் அங்கே கேள்விகள் மூன்றே: இறுதிநாளின் முதல் அடையாளம் என்ன, சொர்க்கவாசிகளின் முதல் உணவு என்ன, குழந்தை தாயையோ தந்தையையோ ஒத்திருப்பது ஏன்? மூன்று எப்படியோ ஆயிரமாயிற்று. இதைப் பணவீக்கம் என்று சொல்லத் தோன்றினாலும் சொல்லமாட்டேன். ஏனெனில் அந்த நூல் இல்லாவிட்டால் தமிழில் இஸ்லாமிய இலக்கியத்தின் தொடக்கமே வேறாக இருந்திருக்கும்.

அதே நூல் பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் வழங்கியது. ரோனித் ரிச்சி என்னும் ஆய்வாளர் தமிழ், மலாய், ஜாவா வடிவங்களை ஒப்பிட்டு 2011இல் விரிவான நூலே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சமூகமும் தனக்கு வேண்டிய கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மறுபுறம், ஐரோப்பாவில் இதன் வாழ்க்கை வேறாக இருந்தது. 1143இல் கரிந்தியாவின் ஹெர்மன் என்பவர் குளூனி மடத்தின் தலைவர் பீட்டருக்காக இதை லத்தீனில் பெயர்த்தார். இஸ்லாத்தை மறுத்து எழுதுவதற்காகத் திரட்டப்பட்ட நூல்வரிசையில் அது சேர்ந்தது. 1543இல் பாசல் நகரில் லத்தீன் குர்ஆன் அச்சேறியபோது அதனோடு சேர்த்தே அச்சிடப்பட்டது. முஸ்லிம்கள் பக்திச் சுவைக்காகப் படித்த ஒரு நூல், 'இவர்களுடைய கோட்பாடு இதுதான்' என்னும் சான்றாக அங்கே வாசிக்கப்பட்டது. மூலத்துக்கும் கதைக்கும் இடையிலான கோடு அழிந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ராமேஸ்வரத்தில் ஹாபில், காபில் என்னும் ஆதம் நபியின் மக்களுடையவை என்று சொல்லப்படும் நீண்ட அடக்கத்தலங்கள் இருக்கின்றன. இலங்கையில் பாவா ஆதம் மலை இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா அதில் ஏறியிருக்கிறார். குர்ஆனோ ஆதம் நபி இறங்கிய நாட்டைச் சொல்லவில்லை. அவருடைய இரு மக்களின் பெயர்களைக்கூடச் சொல்லாமல் 'ஆதமின் இரு மக்கள்' என்று மட்டுமே குறிப்பிடுகிறது. பெயர்கள் விவிலிய மரபின் வழியே வந்தவை. இவற்றை யாரும் மார்க்க ஆதாரமாக வைத்து எவரையும் துன்புறுத்துவதில்லை. பல மதத்தாரும் பார்த்துச் செல்லும் இடங்களாக இருக்கட்டும் என்பதே என் எண்ணம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் வரும் மானுக்குப் பிணை நின்ற படலமும் அப்படியே. அதன் மூலச் செய்தி வலுவற்றது என்று நபிமொழி ஆய்வாளர் பலர் சொல்லியிருக்கின்றனர். ஆயினும் அது காப்பியம், சட்டநூல் அன்று. பள்ளிப் பாடநூலில் அதைப் படித்த பிற சமயத்து நண்பர்கள் சிலருக்கு நபிகளாரின் கருணை பற்றித் தெரிந்த ஒரே செய்தி அதுதான்.

இவ்வாறு எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. ஹவ்வா அம்மையாரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குர்ஆனின் 7ஆம் அத்தியாயத்தில் ஷைத்தான் இருவரையுமே மயக்குகிறான், இருவரும் உண்கின்றனர், இருவரும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்கின்றனர். 20ஆம் அத்தியாயத்தில் ஷைத்தான் ஆதமை விளித்தே பேசுகிறான். அவள் கேட்டுத் தன் கணவனைக் கெடுத்தாள் என்று எங்குமில்லை. ஆனால் விரிவுரைகளில் பாம்பு வருகிறது. அதன் வாய்க்குள் ஒளிந்து ஷைத்தான் நுழைகிறான். ஹவ்வா முதலில் உண்டு ஆதமை உண்ணவைக்கிறாள். அதற்குத் தண்டனையாக மாதவிடாயும் பிரசவ வேதனையும் விதிக்கப்படுகின்றன. ஆதியாகமத்தின் 3ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு வழி தெரியும். பூந்தமல்லியில் ஒரு திருமண மேடையில், மணப்பெண்ணை முன்னே வைத்துக்கொண்டு ஒருவர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாய் என்ன நினைத்திருப்பார் என்று இன்றும் நினைப்பதுண்டு. இங்கே நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: ஹவ்வாவின் பேரில் குறைசொல்லும் தொனியில் ஒரு சிறு செய்தி புகாரீயின் தொகுப்பிலும் இருக்கிறது, அதன் பொருள் குறித்து அறிஞர்கள் விவாதித்திருக்கின்றனர். எல்லாப் பழியையும் கஅபின் தலையில் இறக்கிவிட்டு எளிதாகக் கடந்துவிட முடியாது.

கஅபின் தலையில் இறக்கும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. எகிப்தில் முஹம்மது அப்துஹுவும் அவர் மாணவர் ரஷீத் ரிளாவும் 'அல்மனார்' விரிவுரையில் இஸ்ராயீலிய்யாத்தைக் கடுமையாகத் தாக்கினர்; அது அறிவுத் தூய்மைக்கான முயற்சி. 1946இல் மஹ்மூது அபூ ரய்யா என்பவர் கஅபுல் அஹ்பாரை 'முதல் சியோனிஸ்ட்' என்றே வருணித்துக் கட்டுரை எழுதினார். ஏழாம் நூற்றாண்டு மனிதர் ஒருவரின் மேல் இருபதாம் நூற்றாண்டின் அரசியல் ஏறியது. 'யூதர் கட்டுன கதை' என்று அந்த இளைஞர் சொன்னபோது, அதில் எவ்வளவு ஹதீஸ் ஆய்வு, எவ்வளவு தொலைக்காட்சிச் செய்தி என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. அயலிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடாது. இஸ்ராயீலின் மக்களிடமிருந்து செய்தி சொல்வதில் குற்றமில்லை என்று நபிமொழியே அனுமதிக்கிறது. அதே நபிமொழி, என்மீது பொய்யுரைக்காதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. கேட்கவேண்டிய கேள்வி யாருடைய கதை என்பதன்று; யாரிடமிருந்து யார் கேட்டார் என்பதே.

இதில் இன்னொரு முரண். கஅபையும் வஹ்பையும் துடைத்தெறிய வேண்டும் என்று முழங்குவோரில் பலர், நிலவில் நீல் ஆம்ஸ்ட்ராங் பாங்கொலி கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்னும் செய்தியை வாட்ஸ்அப்பில் தயங்காமல் அனுப்புகின்றனர். ஆம்ஸ்ட்ராங் அதை மறுத்துவிட்டார். 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் தூதரகங்களுக்கு அம்மறுப்பைத் தெரிவித்தது. குர்ஆன் முழுவதையும் 19 என்னும் எண்ணால் வகுத்துக் காட்டும் கணக்கும், ஒவ்வோர் அறிவியல் கண்டுபிடிப்புக்கும் ஒரு வசனத்தைப் பொருத்தும் முயற்சியும் இந்த வகையே. அன்று வேதக்காரர்களைக் கேட்டோம். இன்று இயற்பியல்காரர்களைக் கேட்கிறோம், அவர்களையும் நேரில் கேட்பதில்லை. இப்னு கல்தூன் இருந்திருந்தால் ஓர் அத்தியாயம் கூடுதலாக எழுதியிருப்பார்.

தமிழில் இதற்குச் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்ற ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் குர்ஆனை முழுமையாகத் தமிழில் தந்த முன்னோடி. அதன்பின் பல மொழிபெயர்ப்புகளும், அரபி விரிவுரைகளின் தமிழாக்கங்களும் வந்துவிட்டன. தமிழ் வாசகர் மூலத்தின் அருகே இவ்வளவு நெருங்கி வந்த காலம் வேறில்லை. ஆனால் சுருக்கப் பதிப்புகளிலும் கதைத் தொகுப்புகளிலும், வாசகருக்குச் சலிப்பூட்டும் என்று முதலில் நீக்கப்படுவது அறிவிப்பாளர் தொடர்தான். உண்டியலின் பின்புறத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கையில் கொடுப்பது போன்றது அது. முழுச் சங்கிலி வேண்டாம். 'இது வஹ்பு சொன்னது', 'இதற்கு நபியிடமிருந்து ஆதாரமில்லை' என்று அடிக்குறிப்பில் ஒரு வரி போதும். மேடையில் பேசுவோருக்கும் அதுவே வேண்டுகோள். கதையைச் சொல்லுங்கள், சொன்னவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அந்த இமாமை வீட்டுக்கு அழைத்திருந்தேன். இப்னு கஸீரின் தமிழாக்கத்தில் உரிய பக்கத்தைத் திறந்து வைத்தேன். நெடுநேரம் படித்துவிட்டு, "ஐயா, இதை நாங்க மதரஸாவுல அரபியிலயே ஓதியிருக்கோம். மேடையில நிற்கும்போது கதைதான் முதல்ல ஞாபகம் வருது" என்றார். பிறகு அந்த இளைஞரின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார்.